படத்துக்குக் கீழே ஒரு வரி

எனக்கு ஓர் இடத்தில் சும்மா நிற்கத் தெரியாது. பள்ளியின் கடைசி வருடமான ஐந்தாம் படிவத்தில் வகுப்புப் படம் எடுத்த அன்று, கேமராவைப் பார்க்கச் சொல்லிப் புகைப்படக்காரர் மலாயில் மூன்று தடவை என்னை அதட்டினார். நான் பள்ளி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் தோழி இன்னும் வந்து சேரவில்லை.

அவள் குடும்பம் அந்த வருடம்தான் தீவில் இருந்த ஜார்ஜ்டவுன் அடுக்குமாடியை விட்டு, கடலுக்கு அந்தப் பக்கம் சிம்பாங் அம்பாட்டுக்குக் குடிபோயிருந்தது. பரீட்சை வருடத்தில் பள்ளி மாற மாட்டேன் என்று அடம்பிடித்தவள், விடியுமுன் வேன் ஏறிக் கடல் பாலம் கடந்து வந்தாள். பத்து நிமிட நடையில் இருந்த நான் தினமும் மணி அடித்த பிறகு ஓடி வருவேன். அவள் எனக்கு முன்பே வந்து, என் மேசையையும் துடைத்து வைத்திருப்பாள். அன்று பாலத்தில் ஒரு லாரி கவிழ்ந்துவிட்டது. அவள் வந்து சேர்ந்தபோது மணி பத்து. படம் எடுத்த பெஞ்சுகளைத் தூக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு பின்னலிலும் புது ரிப்பன் கட்டியிருந்தாள்.

எங்கள் பள்ளி ஆண்டு மலரில் ஒரு வழக்கம் உண்டு. வகுப்புப் படத்தில் இல்லாதவரின் முகத்தை மேல் மூலையில் ஒரு முட்டை வடிவத்துக்குள் ஒட்டுவார்கள். கீழே, 'வராதவர்' என்று மலாயில் போட்டுப் பெயர் எழுதுவார்கள். அந்த வருடம் வகுப்புப் பக்கங்கள் என் பொறுப்பு.

"என்னை முட்டைக்குள்ள போடாத. செத்தவங்க படம் மாதிரி இருக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் வந்தேன்லா. லேட்டா வந்தேன், அவ்வளவுதானே? வரலன்னு எப்படி எழுதுவீங்க?" என்றாள்.

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாளே மலருக்குப் பொறுப்பான டீச்சரிடம் போய், அவளையும் வரிசையிலேயே ஒட்டிவிடலாமா என்று கேட்டேன்.

"எல்லா வருஷமும் இப்படித்தான்மா. ஒருத்திக்காகப் படத்தை மாத்த முடியுமா?"

"ஒருத்திதானே டீச்சர், மாத்தினா என்ன?"

என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடும். டீச்சர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஒட்டினது தெரியாம இருந்தா விடுறேன். வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு அச்சகத்துக்கு அனுப்பணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை கணினி அறையில் மலர்க் குழுவினர் நாங்கள் ஆறு பேர். சீருடையில், நின்றபடி, அதே மாதிரி வெளிச்சத்தில் அவள் இருக்கும் படம் ஒன்றே ஒன்றுதான் என் கைப்பேசியில் கிடைத்தது. கேன்டீன் வாசலில் அவள் தோளில் கை போட்டுக்கொண்டு நானும் நிற்கும் படம். என்னை வெட்டிவிட்டு, அவளை இரண்டாம் வரிசையின் ஓரத்தில், எனக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அளவு கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் அவள் தோளில் என் நான்கு விரல்கள் மிச்சம் இருந்தன. அதுவும் மருதாணி விரல்கள். வகுப்புப் படத்திலோ என் இரண்டு கைகளும் ஒழுங்காகத் தொடையோரம் தொங்கிக்கொண்டிருந்தன.

மலர்க் குழுவுக்குத் தலைவியாக இருந்த சீன மாணவி எட்டிப் பார்த்துவிட்டு, "இது யாருடைய கை? பேயோட கையா?" என்று மலாயில் கேட்டாள். அவ்வளவுதான், விளையாட்டுப் பக்கம், கட்டுரைப் பக்கம் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அத்தனை பேரும் என் திரையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒரு விரலை அழித்தால் சீருடைப் பினஃபோரின் தோள்பட்டை கோணலானது. பட்டையைச் சரிசெய்தால் நகம் மட்டும் தனியாக நின்றது. என்னால் உட்கார முடியவில்லை. மவுஸைப் பிடுங்குவேன், கெடுப்பேன், திருப்பிக் கொடுத்துவிட்டு நாற்காலியைச் சுற்றி நடப்பேன். "நீ வெளிய போய் நில்லு" என்று இரண்டு தடவை துரத்தினார்கள். நான் போகவில்லை.

மூன்று மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது கடைசி விரலும் போனது. டீச்சர் திரையில் மூக்கு இடிக்கக் குனிந்து, தோளைப் பெரிதாக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "சரி, அனுப்பு" என்றார். நாங்கள் கை தட்டினோம். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக எதையும் அனுப்பியதில்லை.

பள்ளியின் கடைசி வாரத்தில் புத்தகங்கள் வந்தன. வகுப்பில் பெட்டியைக் கிழித்து முதல் பிரதியை நான்தான் எடுத்தேன். எங்கள் பக்கம் அழகாக வந்திருந்தது. வாசலைப் பார்த்து நின்ற நான், இப்போது பக்கத்தில் நிற்கும் அவளைப் பார்ப்பது போலவே இருந்தேன். முட்டை இல்லை. தோளில் விரல் இல்லை. படத்துக்குக் கீழே 'வராதவர்' என்று போட்டு, அவள் பெயர் இருந்தது.

அவள் முட்டை வேண்டாம் என்று சொல்லுமுன்பே, வழக்கப்படி, அந்த வரியை நான்தான் தட்டி வைத்திருந்தேன். நான்கு விரலை ஆறு பேரும் டீச்சரும் பார்த்தோம். இந்த வரியை ஒருவரும் பார்க்கவில்லை. அத்தனை புத்தகங்களையும் அள்ளிக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். திரும்பினால் அவள் தன் பிரதியைத் திறந்து வைத்திருந்தாள்.

"மன்னிச்சிரு. அவசரத்துல..."

"அதெல்லாம் அப்புறம். பேனா குடு."

கறுப்புப் பேனாவை வாங்கிக்கொண்டு முதலில் என் புத்தகத்தில் அந்த வரியை அடித்தாள். பிறகு அடுத்த மேசை. ஒவ்வொருத்தியிடமும் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அடிக்கோல் வைத்து, நிதானமாக அடித்தாள். பள்ளி விட்டு வெகு நேரமாகியும் ஒருத்தியும் கிளம்பவில்லை. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். வெளியே வேன் அண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். ஒரு நாளும் அவரைக் காக்க வைக்காதவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நான் வாசலுக்கும் மேசைக்குமாக ஓடி, "அண்ணே, அஞ்சு நிமிசம்ணே" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

கடைசிப் புத்தகமும் முடிந்தது. பையைத் தோளில் மாட்டியவள், தன் பிரதியை அப்படியே உள்ளே வைத்தாள். அதில் அந்த வரி அடிக்கப்படாமல் இருந்தது.

"உன்னோடத அடிக்கலையே" என்றேன்.

"எனக்கெதுக்கு? நான் வந்தேன்னு எனக்குத் தெரியும்லா" என்று சொல்லிவிட்டு, பேனாவை என் கையில் திணித்துவிட்டு வேனை நோக்கி ஓடினாள்.