பன்னிரண்டு நிமிட ஆட்டம்

கள்ளக்குறிச்சியில் உங்கள் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் யாரிடமும் சொல்லாதீர்கள். சொன்னால் தெருவில் உள்ள அத்தனை பேரும் டாக்டராகிவிடுவார்கள். எட்டு வருடமாக என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவள் நான். அந்த வருடம் ஐப்பசியில் என் சிஸ்டத்தில் வீடியோ திக்கித் திக்கி ஓட ஆரம்பித்தது. அதற்கு நான் கேட்ட யோசனைகளைத் தொகுத்தால் ஒரு முட்டாள்கள் மாநாடே நடத்தலாம்.

வீட்டுக்காரர் அணைத்துவிட்டுப் போடச் சொன்னார். மிக்சி, மோட்டார், டிவி எல்லாவற்றுக்கும் அவரிடம் இருப்பது அந்த ஒரே வைத்தியம். கொழுந்தனார் யாரோ இந்தியில் பேசுகிற வீடியோவை அனுப்பிவிட்டு, பார்த்தீர்களா பார்த்தீர்களா என்று மூன்று நாள் உயிரை எடுத்தார். அவருக்கும் இந்தி தெரியாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கும் மெக்கானிக் வந்து ரேம் பத்தாது என்றார். போட்டோம். பழைய கதைதான். அடுத்து கிராபிக்ஸ் கார்டு என்று ஆரம்பித்தார். அந்த மனிதரிடம் தலைவலி என்று போய் நின்றாலும் ரேம்தான் போடுவார்.

எனக்கென்னவோ எல்லாக் கோளாறுக்கும் காரணம் எங்கள் கேமராமேன்தான் என்று பட்டது. சின்னசேலத்துக்காரன். என்னைவிடப் பத்து வயது சின்னவன். அந்த மாதம்தான் புதுக் கேமரா வாங்கியிருந்தான், வாங்கியதிலிருந்து அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மாப்பிள்ளை மூக்கில் உள்ள முடியை எண்ணுகிற அளவுக்குப் படம் துல்லியமாக இருக்கிறதாம். யார் கேட்டது? ஃபைல் ஒவ்வொன்றும் பழைய கேமராவில் எடுத்ததைப் போல நாலு மடங்கு இருந்தது. அவன் மெமரி கார்டைக் கொண்டுவந்து கொடுப்பான். நான் என் சிஸ்டத்தில் ஏற்றிக்கொண்டு திருப்பிக் கொடுப்பேன். அவன் அதை அழித்துவிட்டு அடுத்த முகூர்த்தத்துக்குக் கொண்டு போவான். எங்கள் தொழில் இப்படித்தான் ஓடுகிறது. அதற்குப் பிறகு அந்தக் கல்யாணம் என் சிஸ்டத்தில் மட்டும்தான் இருக்கும்.

அப்படி வந்ததுதான் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் நடந்த ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதும் பெண்ணின் அப்பா மேளத்துக்கு முன்னால் பன்னிரண்டு நிமிடம் ஆடியிருக்கிறார். கல்யாணம் முடிந்து மூன்றாவது வாரம் சாமைக் காட்டுக்குப் போனவர் அங்கேயே விழுந்து இறந்துபோனார். கல்யாணப் பெண் எனக்குப் போன் செய்தாள்.

“அக்கா, அப்பா ஆடுனத மட்டும் வெட்டிடாதீங்க. நான் உள்ள சேல கட்டிக்கினு இருந்தேன், பாக்கவே இல்ல. அவரு மூஞ்சி ஆதார் கார்டுல இருக்குறது ஒண்ணுதாங்க எங்க கிட்ட இருக்குது.”

ஒரு நொடிகூட வெட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

இரண்டு நாள் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தோடு மல்லுக்கட்டினேன். பிளே அழுத்தினால் சத்தம் முன்னால் போகும், படம் நொண்டிக்கொண்டே பின்னால் வரும். ஓடவிட்டுப் பார்க்கிற தரத்தைப் பாதியாகக் குறைத்தேன், காலாகக் குறைத்தேன். அவர் முகம் களிமண் ஆனதுதான் மிச்சம். கனமான ஃபைலுக்குப் பதிலாக இலேசான நகல் எடுத்து வைத்துக்கொண்டு வேலை செய்கிற வழி ஒன்று உண்டு. அதையும் போட்டேன். காலையில் போட்டது சாயங்காலம்வரை கால்வாசிகூட ஆகவில்லை, நிறுத்தி அழித்துவிட்டேன். அதே கல்யாணத்தில் மேடைக் காட்சிகள் இவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. தெரியாதுதான். மேடை ஏறினால் நம் ஜனங்கள் உறைந்துபோய் நிற்பார்கள், அதில் திக்கினாலும் யாருக்குத் தெரியும்? ஆடுகிற மனிதர் அப்படியா? தூக்கிய கால் அந்தரத்தில் நிற்கும், அடுத்து வேறு எங்கோ இருக்கும்.

கேமராமேனுக்குப் போன் போட்டு வாங்கு வாங்கு என்று வாங்கினேன். புதுக் கேமரா உனக்கு ஒரு கேடா என்றுகூடக் கேட்டேன். கேமராவில் ஓட்டிப் பார்த்தபோது நன்றாக இருந்தது அக்கா என்று முணுமுணுத்தான். பொய் வேறு சொல்கிறானே என்று இன்னும் நாலு வார்த்தை விட்டேன்.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஃபைல் கெட்டிருக்கிறதா, சிஸ்டம்தான் திணறுகிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. பென் டிரைவில் போட்டு டிவியில் செருகினால் தெரிந்துவிடும். டிவி நாலடி தூரத்தில்தான் இருந்தது. எட்டு வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் தப்பு அவன் மேல்தான் என்று நான் எப்போதோ முடிவு கட்டியிருந்தேன். அதனால் எழுந்து போகவில்லை.

ஆட்டத்திலிருந்து நன்றாக விழுந்த ஒரே ஒரு படத்தை எடுத்து நிறுத்தி, மேலே ரோஜா இதழ் கொட்டுகிற எஃபெக்டைப் போட்டு, சோகமாக வயலினைப் போட்டேன். கேமராமேன் கெடுத்துவிட்டான், ஒன்றும் செய்ய முடியவில்லை என்று பெண்ணிடம் சொன்னேன். சரிக்கா என்றாள். வழக்கமாகப் பென் டிரைவைக் கையில் கொடுத்த பிறகுதான் மூல ஃபைலை அழிப்பேன். அந்த வாரம் இன்னும் இரண்டு கல்யாணம் ஏற்றக் கொஞ்சம் இடம் பத்தாமல் கிடந்தது. கெட்டுப்போன ஆட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்று அதை மட்டும் முன்னாலேயே அழித்துவிட்டேன்.

வாங்கிப்போக அவளே மலையிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காராமல், சிஸ்டம் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். ரோஜா இதழ் கொட்டியது, வயலின் அழுதது. அவள் அழவில்லை. பையிலிருந்து கண்ணாடி உடைந்த போன் ஒன்றை எடுத்தாள். கல்யாணத்தன்று ஸ்டேட்டஸ் வைப்பதற்காகக் கேமராமேன் தன் கேமராவிலிருந்தே ஆட்டத்தின் ஆரம்பத்தைக் கொஞ்சம் வெட்டி அவள் கொழுந்தனுக்கு அனுப்பியிருந்தானாம், அது அவள் கண்ணில் பட்டது நேற்றுத்தானாம். நாற்பது நொடி. அதில் அவர் ஆடினார். கால் மேலே போனது, கீழே வந்தது, ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

“இது நல்லாத்தானேக்கா போவுது? மீதியும் இப்பிடித்தான இருக்கும்?”

அவள் குற்றம் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் பெட்டியில் பட்டிருந்த முழங்காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“இன்னாக்கா இது, இந்தச் சுடு சுடுது?”

குனிந்து பார்த்தேன். ஆயுத பூஜைக்குச் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, பெட்டியின் முன்பக்கம் காற்று இழுக்கிற வலை முழுக்க மூன்று பட்டையாக நான்தான் பூசியிருந்தேன். சோறு போடுகிற சாமான் ஆயிற்றே என்று கஞ்சத்தனம் பார்க்காமல் அப்பியது. எங்கள் வீட்டில் பூஜைக்கு வைத்த பொட்டைத் துடைக்க மாட்டோம், தானாக உதிர்ந்தால் சரி. அது உதிரவில்லை, சிமெண்டு பூச்சாகக் காய்ந்து ஓட்டையெல்லாம் அடைத்திருந்தது. காற்றில்லாமல் சூடாகும் சிஸ்டம், வெந்துபோகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பழைய கேமராவின் ஃபைலை அந்த வேகத்திலும் சமாளித்திருக்கிறது, புதியதைச் சமாளிக்க முடியவில்லை. ரேம் போட வந்த மகானும் அந்தச் சந்தனத்தைப் பார்த்தார். பார்த்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். அவரைச் சொல்லி என்ன? அவரைவிடப் பெரிய முட்டாள் தினமும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

நடந்ததை அவளிடம் சொல்லிவிட்டேன். ஆட்டத்தின் மூல ஃபைல் இல்லை, நானே அழித்தேன், அதே இடத்தில் இரண்டு கல்யாணம் ஏற்றியாகிவிட்டது, இனி எந்த சாஃப்ட்வேராலும் எடுக்க முடியாது என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். அவள் போனை என்னிடம் நீட்டினாள். இதையாவது முதலில் வைக்கச் சொன்னாள்.

பழைய பல் பிரஷ்ஷும் ஈரத்துணியுமாகச் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். அரை மணி நேரத்தில் பெட்டி குளிர்ந்தது. நாற்பது நொடியைத் தொடக்கத்தில் வைத்து ஓட்டினேன். பின்னாலேயே மேடைக் காட்சிகள், அதே புதுக் கேமராவில் எடுத்தவை, வழுக்கிக்கொண்டு ஓடின. கேமராமேனிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கேமராவும் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

நாற்பதாவது நொடியில் அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உயரே வீசுகிறார். அதோடு முடிந்துவிடுகிறது. அவள் மூன்று தடவை பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அப்புறம் துண்டப் புடிச்சாராக்கா?”

அந்த அறையில் மீதியைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். துண்டு மேலே போனதைப் பார்த்தேன். அடுத்து அது அவர் தோளில் கிடந்தது. நடுவில் என் சிஸ்டம் நின்றுபோயிருந்தது.

“புடிச்சாரும்மா” என்றேன்.