வாசனைக்கு இருபது மார்க்

இரண்டு வருஷ காலம் நான் சிவப்பு ஒயின்களின் வாசனைக்கு மார்க் போட்டு வந்தேன். அந்த இரண்டு வருஷத்தில் ஒரு ஒயினைக்கூட முகர்ந்து பார்த்ததில்லை.

முகராமல் எப்படி மார்க் போட முடியும் என்று கேட்பீர்கள். நான் பள்ளிக்கூட வாத்தியார். படிக்காமல் விடைத்தாள் திருத்திய அனுபவம் எனக்கு உண்டு. தவிர, குற்றம் என் வளர்ப்பில் இருந்தது. எங்கள் வீட்டில் தண்ணீரானாலும் மோரானாலும் தூக்கித்தான் குடிக்க வேண்டும். பாத்திரம் உதட்டில் பட்டால் அது எச்சில். ஆகையால் ஒயினையும் அண்ணாந்து, டம்ளரை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, தொண்டைக்குள் நேராக ஊற்றிக்கொண்டேன். இப்படிக் குடிக்கிறவனுடைய மூக்கு அந்த நேரத்தில் உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே அருவி மாதிரி ஒன்று விழுவது அதற்குத் தெரியவே தெரியாது.

இதெல்லாம் போருக்குச் சற்று முந்தைய வருஷங்கள். சேலம் பக்கம் மதுவிலக்கு வந்திருந்தது. எங்கள் ஜில்லாவுக்கு இன்னும் வரவில்லை. விழுப்புரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு வக்கீல் வீட்டில் புத்தகங்களை எடைக்குப் போட்டபோது அட்டை கிழிந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று என் கைக்கு வந்தது. முதலிலிருந்து கடைசிவரை ஒயினைப் பற்றியே பேசியது அது. மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை முடிந்தபோது ஒயினைப் பற்றி எனக்குத் தெரியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது: அதன் ருசி.

அந்தக் குறையைத் தீர்த்துவைத்தவர் எங்கள் ஜங்ஷனில் கூட்ஸ் குமாஸ்தாவாக இருந்த நண்பர். அவருடைய மச்சான் புதுச்சேரியில் இருந்தார். பிரெஞ்சுக்காரன் ஊர், அங்கே ஒயின் கடைவீதியில் கிடைக்கும். மாதம் ஒன்றோ இரண்டோ பாட்டில், தீர்வை கட்டி, ரயிலில் வரும். ஞாயிற்றுக்கிழமை பகலில் குமாஸ்தாவின் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் பரீட்சை நடக்கும்.

பரீட்சை என்று சொல்வது வெறும் பேச்சுக்கு அல்ல. நீளமான நோட்டு ஒன்றில் கோடு போட்டு வைத்திருந்தேன். நிறத்துக்கு இருபது, வாசனைக்கு இருபது, ருசிக்கு நாற்பது, நடத்தைக்கு இருபது. நடத்தை என்பது மறுநாள் காலையில் தலை எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே இறுதி முடிவுகள் திங்கட்கிழமைதான் வெளியாகும். கூடவே குறிப்பும் உண்டு. ‘ஆரம்பம் நன்று, முடிவில் கவனம் போதாது.’ ‘நல்ல குடும்பம், சகவாசம் சரியில்லை.’ ஒரு பாட்டிலைப் பற்றி, ‘பெற்றோர் வந்து பார்க்கவும்’ என்று எழுதியிருக்கிறேன்.

குமாஸ்தாவுக்கு இந்த நுணுக்கமெல்லாம் கிடையாது. அவரிடம் இரண்டே தீர்ப்புகள். ஒன்று, “தேவல சார்.” இன்னொன்று, “பேஜாரு சார்.”

புத்தகத்தில் இரண்டு விதிகள் அழுத்தமாகச் சொல்லப்பட்டிருந்தன. சிவப்பு ஒயினை அறையின் சூட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது முதல் விதி. எந்த அறை என்று ஆசிரியர் சொல்லவில்லை. சித்திரை மாதத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸ் அறையின் சூட்டில் அது கஷாயம் மாதிரி இருந்தது. கஷாயம் என்றே நினைத்து, குடிப்பதற்கு முன் நாங்கள் தயங்கிய பாட்டில்களும் உண்டு. இரண்டாவது விதி, குடிப்பதற்கு முன் ஒயினைக் கொஞ்சம் காற்றாட விட வேண்டும் என்பது. இதைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. காற்றாட விடுவதில் நமக்கு யார் பாடம் சொல்ல முடியும்? டம்ளரும் டபராவும் எடுத்துக்கொண்டு, காப்பி ஆற்றுவதுபோல் ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்றினேன். இளஞ்சிவப்பு நிறத்தில் நுரை கட்டியது. நுரைக்கு நிறத்தில் இரண்டு மார்க் கூடுதலாகப் போட்டேன்.

“இன்னா சார், கள்ளு மாதிரி பொங்குது?” என்றார் குமாஸ்தா.

“மூச்சு விடுகிறது” என்றேன்.

என் மனைவியிடம் இது ரத்த விருத்திக்கு நல்லது என்று சொல்லி வைத்திருந்தேன். “ரத்தம் விருத்தியானா பாட்டு வருமா?” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாள். அதற்குப் பிறகு நான் குமாஸ்தா வீட்டிலேயே பாடி முடித்துவிட்டு வருவேன்.

இரண்டு வருஷத்தில் முப்பத்தோரு ஒயின்கள் பரீட்சை எழுதின. முதல் ராங்க் வாங்கியது லேபிள் இல்லாத ஒன்று. மச்சான் பீப்பாயிலிருந்து பிடித்து அனுப்பியது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. அதன் நிறம் அவ்வளவு அழுத்தம். நோட்டில் சிந்திய துளி பின்பக்கம்வரை ஊறிவிட்டது. தலைவலியும் இல்லை. குமாஸ்தாவே, “தேவல சார், ரொம்பத் தேவல” என்று புதிதாக ஒரு வகுப்பை உண்டாக்கினார்.

இப்படி நான் ஒயின் பண்டிதன் என்ற செய்தி ரயில் தண்டவாளம் வழியாகவே திண்டிவனம்வரை போயிருக்கிறது. ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் ஒருவர் காத்திருந்தார். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்த வியாபாரி. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. அவருடைய மூட்டைகள் புதுச்சேரிக்குப் போய், கப்பலேறி, பிரான்சில் எண்ணெய் ஆகும். அந்த வருஷம் போகவில்லை.

“போன வருசம் எங்க ஊரு ஆளு ஒருத்தரு, மல்லாட்டை வாங்குற பிரெஞ்சுக் கம்பெனி துரைக்குப் பெரிய விருந்து வெச்சாருங்க வாத்தியாரே. கறி இன்னா, மீனு இன்னா, சீமைச் சாராயம் இன்னா! சாம்பிளும் நல்லாத்தான் காட்டினாரு. அப்பால எடை கூடறதுக்கு மூட்டையில தண்ணி தெளிச்சு ஏத்தி வுட்டுட்டாரு. கப்பல்லயே பூசணம் புடிச்சுப் போச்சாம். இப்போ திண்டிவனம்னாலே துரை மூஞ்சியத் திருப்பிக்கிறாரு.”

“உங்கள் சரக்கு?”

“கெடங்குல நிக்கிதுங்க. நானூறு மூட்டை. என்னுது மட்டும் இல்ல. பெருமுக்கல், கிளியனூரு, சுத்துப்பட்டுக் குடியானவங்க என்னை நம்பிப் போட்டுட்டு, தெனம் வந்து என் மூஞ்சியப் பாத்துக்கினு போறாங்க. இன்னும் ரெண்டு மாசம் போனா காறிப்பூடும். எண்ணெய்க்கும் ஆவாது, மாட்டுக்கும் ஆவாது.” அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எப்டியோ கெஞ்சி, வர்ற ஞாயித்துக்கெழமை சாப்பாட்டுக்கு ஒத்துக்கினாரு. நான் அதெல்லாம் தொடறதில்லீங்க. துரை மெச்சிக்கிற மாதிரி ஒரு ஒயினு நீங்கதான் பாத்துக் குடுக்கணும். என் மானம் உங்க கையில.”

என் வாழ்நாளில் யாரும் என் கையில் மானத்தைக் கொடுத்ததில்லை. ஹெட்மாஸ்டர் சாவிக்கொத்தைக்கூடக் கொடுக்கமாட்டார். “கவலைப்படாதீர்கள். முதல் ராங்க் இருக்கிறது” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ராங்க்கில் மூன்று பாட்டில், ஈரத்துணியில் சுற்றாமல் (விதி ஒன்று), மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனம் போய்ச் சேர்ந்தேன். பதினொரு மணிக்கு கிளியனூர் சாலையில் புழுதி கிளப்பிக்கொண்டு துரையின் கார் வந்தது. உருண்டையான மனிதர், வெள்ளை உடுப்பு, சிரிக்காத முகம். கூடவே அவருடைய பேச்சைத் தமிழாக்கிச் சொல்ல ஒரு புதுச்சேரி துபாஷி.

முதலில் சாம்பிள். ஐந்து முறங்களில் ஐந்து ஊர் மல்லாட்டை. துரை ஒன்றை எடுத்து உடைத்தார். பருப்பின் தோலை உரசி ஊதினார். மூக்குக்குக் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்தார். அப்புறம் மென்று, நிதானமாக மென்று, ஓரமாகத் துப்பினார். வியாபாரியும் அதேபோல் முகர்ந்து, “இது பெருமுக்கல் செம்மண்ணு. இது கிளியனூரு மணலு, புடுங்கின அன்னிக்கு ஒரு தூத்தல் போட்டுது, தோலு கொஞ்சம் மங்கல்” என்று முறத்துக்கு முறம் ஒப்பித்தார். துரை முறங்களை இடம் மாற்றிவைத்துச் சோதித்தார். வியாபாரி கண்ணை மூடிக்கொண்டே ஐந்தையும் சரியாகச் சொன்னார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது, மூக்கினாலேயே பேசிக்கொண்டார்கள்.

வாசனைக்கு இருபது என்று கோடு போட்டேனே, அந்த இருபதுக்கு என்ன அர்த்தம் என்று முப்பத்தோரு ஒயின் தாண்டி அன்றைக்குத்தான் யோசித்தேன். அவசரமாகப் பின்கட்டுக்குப் போய் ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்தேன். ஈர சாக்கும் பழைய புளியும் கலந்த வாசனை வந்தது. உயர்ந்த ஒயின் இப்படித்தான் இருக்கும்போலும் என்று தேற்றிக்கொண்டு வந்துவிட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க மற்ற முப்பதையும் நான் முகர்ந்திருந்தால்தானே?

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். வியாபாரி என்னைப் பார்த்தார். நான் எழுந்து, வெள்ளி டம்ளரையும் டபராவையும் எடுத்து, துரையின் எதிரிலேயே ஒயினை ஆற்றத் தொடங்கினேன். பயம் வந்தால் எனக்குக் கை உயரும். முழ உயரம் ஒன்றரை முழமாயிற்று. துரை முள்கரண்டியை வைத்துவிட்டார். துபாஷியின் வாய் திறந்தபடி நின்றது. ஒரு துளி பறந்துபோய் துரையின் வெள்ளைக் கால்சட்டையில் உட்கார்ந்தது.

டம்ளரை நீட்டினேன். துரை அதை மூக்கருகே கொண்டுபோனார். புருவம் ஏறியது. இன்னொரு முறை முகர்ந்தார், முதல் முறையை நம்பாதவர்போல். வாயில் கொஞ்சம் வைத்தார். வியாபாரி கைகட்டி நின்றார். துரை முழுங்கிவிட்டு, துபாஷியிடம் ஏதோ சொன்னார்.

“முசே கேக்கிறாரு, இதை எங்க வாங்கினீங்கன்னு.”

“புதுச்சேரியிலேதான். நானே தேர்ந்தெடுத்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று” என்றேன்.

துபாஷி அதைச் சொன்னார். துரை என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஏதோ முணுமுணுத்தார்.

“இதேதான் அவரு வூட்டுலயும் வாங்குறாங்களாம்” என்றார் துபாஷி, இலையைப் பார்த்துக்கொண்டே.

நான் வியாபாரியைப் பார்த்தேன். பார்த்தீரா என்பது போன்ற ஒரு பார்வை.

அதற்குப் பிறகு பந்தி கலகலத்துவிட்டது. நான் தூக்கிக் குடிப்பதைத் துரை அதிசயமாகப் பார்த்தார். தானும் செய்வேன் என்றார். அண்ணாந்து ஊற்றினார். பாதி வாயிலும் பாதி சட்டைக்குள்ளும் போயிற்று. சிரிக்காத மனிதர் வயிறு குலுங்கச் சிரித்தார். வியாபாரி பதறிப்போய்ச் சொம்புத் தண்ணீரோடு ஓடிவர, அதையும் வாங்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். அது முழுவதும் சட்டைக்குள் போயிற்று. வறுத்த மல்லாட்டையைக் கொறித்துக்கொண்டு மூன்று டம்ளர் குடித்தார். நான் ஐந்து. பாட்டு வந்தது. பாடினேன். துரை தாளம் போட்டார்.

ஆனால் கிளம்பும்போது, “யோசிச்சு சொல்றேன்னு சொல்றாரு” என்று மட்டும் சொல்லிவிட்டு துபாஷி காரில் ஏறிக்கொண்டார். புழுதி அடங்கும்வரை வியாபாரி ரோட்டிலேயே நின்றார்.

“இன்னா வாத்தியாரே, ஒண்ணும் சொல்லாம பூட்டாரே?”

“ஒயின் மெதுவாகத்தான் வேலை செய்யும்” என்றேன். என் குரலே எனக்கு நம்பிக்கை தரவில்லை. திரும்பி வரும் ரயிலில் எனக்கு அந்த நானூறு மூட்டையும் மடியில் இருப்பதுபோல் கனத்தது. மூன்று நாள் வகுப்பில் யாரையும் அடிக்கவில்லை. பையன்கள் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்தார்கள்.

நாலாம் நாள் துரையின் லாரிகள் திண்டிவனம் வந்தன. நானூறு மூட்டையும் ஒரே வாரத்தில் போயிற்று. அடுத்த வருஷத்துச் சரக்குக்கும் வாக்குக் கொடுத்திருந்தாராம். வியாபாரி ஒரு மூட்டை மல்லாட்டையைத் தானே சுமந்துகொண்டு விழுப்புரம் வந்து என் வீட்டு வாசலில் இறக்கினார். “எங்க வவுத்துல பாலை வார்த்தீங்க” என்று என் காலைத் தொடப் போனார். நான் வேண்டாம் என்று சொன்னேன். கொஞ்சம் தாமதமாகச் சொன்னேன் என்று ஞாபகம். அந்த மல்லாட்டையை ஆசிரியர் அறையில் ஒரு மாதம் தின்றோம். தின்னும்போதெல்லாம் கதையைச் சொன்னேன். நாளாக ஆக, துரை குடித்த டம்ளர் மூன்றிலிருந்து ஏழாயிற்று. நோட்டில் முதல் ராங்க்கைத் தொண்ணூற்றாறாகத் திருத்தினேன்.

இரண்டு மாதம் கழித்து, புதுச்சேரி வண்டிக்காக ஜங்ஷனில் நின்றிருந்த துபாஷியைப் பார்த்தேன். காப்பி வாங்கிக் கொடுத்தேன். அவர் அதை ஆற்றாமல் குடித்தார். பேச்சை மெல்ல நம் விஷயத்துக்குக் கொண்டுவந்து, “அன்றைக்கு அந்த ஒயின்தான் துரையின் மனசை மாற்றியிருக்க வேண்டும், இல்லையா?” என்று கேட்டேன்.

“அதுல இன்னா சந்தேகம் வாத்தியாரே? ஒயினாலதான் வாங்கினாரு.”

“என்ன சொன்னார்? வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்கள்.”

துபாஷி காப்பியைக் கீழே வைத்தார். “அது அவரு வூட்டுக் குசினியில கறி ஊற வெக்கிறதுக்கு வாங்குற ஒயினு. கார்ல போய்க்கினு இருக்கிறப்போ சொன்னாரு: ‘போன வருசம் ஏமாத்தினவன் உசத்தியான ஒயினா பாத்து ஊத்தினான். இவங்க இந்தக் கழனித் தண்ணிய இவ்ளோ பெருமையா கொண்டாந்து வெக்கிறாங்க. இவ்ளோ வெவரம் இல்லாதவங்களுக்கு மூட்டையில தண்ணி தெளிக்கக்கூடத் தோணாது. தைரியமா வாங்கலாம்’னாரு.”