பேப்பரில் வந்த அக்காளும் தங்கையும்

இன்னாசி என் வீட்டுக்காரர். கள்ளக்குறிச்சியில் ஒரு தினசரிக்கு நிருபர். இப்போது செய்தி அனுப்புவதெல்லாம் ஒரு வேலையா? போனில் தட்டினால் போய்விடுகிறது. எங்களுக்குக் கல்யாணமான புதிதில், எழுதிய தாளையும் போட்டோவையும் கவரில் போட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, ஆபீஸ் இருந்த பாண்டிச்சேரிக்குப் போகும் பஸ் கண்டக்டரிடம் கொடுக்க வேண்டும். கவர் போன பிறகுதான் மனுஷனுக்குப் பசிக்கும். அதுவரை நான் சோற்றை மூடிவைத்துக்கொண்டு திட்டிக்கொண்டிருப்பேன். அந்தத் திட்டுகூட இப்போது நினைத்தால் இனிக்கிறது, என்ன செய்ய!

அந்த ஐப்பசியில் கல்வராயன் மலையில் பேய்மழை. பள்ளிக்கூடம் விட்டு ஓடையைக் கடந்த செவ்வந்தி என்ற பெண்ணை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. இவர் கச்சிராயபாளையம் வழியாக மலையேறினார். செத்தவர் படம் இல்லாமல் செய்தி அனுப்பினால் ஆபீசில் ஏச்சு விழும். அழுகிற வீட்டில் போய், "போட்டோ இருக்குதாங்க?" என்று கேட்பதுதான் இந்தத் தொழிலிலேயே பாவப்பட்ட வேலை. தாய் இருசம்மாள் அத்தனை அழுகைக்கு நடுவிலும் எழுந்து போய், இருந்த ஒரே படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாளாம். திருவிழாவில் எடுத்தது. செவ்வந்தியும் தங்கை இலக்கியாவும் கைகோத்து நின்றார்கள். படத்தின் பின்னால் 'இடது பக்கம் இருப்பவர்' என்று எழுதி இவர் கவரில் போட்டார். ஆபீசில் யாரோ ஒரு புண்ணியவான், படத்தைத் திருப்பாமல், பின்பக்கத்தைப் பார்த்தபடியே இடது பாதியைக் குறித்துவிட்டார்; முன்னால் அது தங்கை நின்ற பக்கம்.

மறுநாள் பேப்பரில் உயிரோடு இருக்கும் இலக்கியாவின் முகம். கீழே, 'பலியான மாணவி செவ்வந்தி'.

இவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எந்த மூஞ்சிய வச்சிக்கினு மலைக்குப் போவேன், கிரேஸு?"

"இருக்கிற மூஞ்சிய வச்சிக்கினு போங்க. போவாம இருந்தா அது இன்னும் கேவலம்" என்று சொல்லிவிட்டு நானும் கூடவே கிளம்பினேன்.

ஊரே கூடிவிட்டது. "இன்னாய்யா, இருக்கிற புள்ளையையும் வாரிக்கினு போவப் பாக்கறியா?" என்று ஒருவர் இவர் சட்டையைப் பிடித்தார். இவர் கும்பிட்டபடி நின்றார்.

இருசம்மாள்தான் குறுக்கே வந்தாள். "வுடு அண்ணே. செத்ததா சேதி வந்தா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்க. சின்னவளுக்கு இனிமே ஒண்ணும் ஆவாது." பிறகு எங்களைப் பார்த்தாள். "மழையில வந்திருக்கீங்க. பக்கத்து வூட்ல சாமைச் சோறு குடுத்தாங்க. ஒரு வாய் சாப்புடுங்க."

பிள்ளையைப் பறிகொடுத்தவள் பரிமாறினாள், நாங்கள் சாப்பிட்டோம். அவள் மெதுவாகக் கேட்டாள்: "பெரியவ படம் எப்பங்க வரும்?"

"வரும்மா" என்றார் இவர்.

ஆபீசில் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வரி திருத்தம் போடலாம், படத்துக்கெல்லாம் இடமில்லை என்றார்கள். "அப்ப அந்தப் பொண்ணு மூஞ்சி வர்ற வரைக்கும் இங்கிருந்து கவரும் வராது" என்று இவர் போனை வைத்துவிட்டார். ஆத்தாடி, எனக்கு வந்த கோபம்! "நாளைக்கு அடுப்பு எரிய வாணாமா? வேலை போனா இன்னா பண்ணுவீங்க?" என்று கத்தினேன்.

"சட்டையப் புடிக்க வேண்டியவங்க சோறு போட்டாங்க, கிரேஸு" என்றார். நான் போய்ச் சோற்றை எடுத்து வைத்தேன்.

பஸ்கள் கவர் இல்லாமல் போயின. "இன்னா சார், இன்னைக்கும் இல்லியா?" என்று கண்டக்டர்கள் கேட்டார்கள். ஒரு வாரம் இப்படியே போனது. வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள் என்றே நான் நினைத்தேன். ஒரு காலையில் பேப்பரைப் பிரித்தால் செவ்வந்தி இருந்தாள். சின்னப் படம்தான், சரியான முகம். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

ஆபீசிலிருந்து திரும்பி வந்த போட்டோவையும் அந்தப் பேப்பரையும் எடுத்துக்கொண்டு மறுபடி மலையேறினோம். இருசம்மாள் படத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். பெட்டியிலிருந்து, இலக்கியா முகம் வந்த பழைய பேப்பரையும் எடுத்தாள்.

"அதக் குடுங்கம்மா, கிழிச்சிப் போட்டுடறேன்" என்றார் இவர்.

"உசுரோட இருக்கிற புள்ள மூஞ்சியக் கிழிக்கலாமாங்க?" என்று அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. இலக்கியாவுக்குத் தெரியும். தன் முகத்துக்குக் கீழே இருந்ததை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். இவர் பேப்பரை மெல்ல வாங்கி, அந்த வரியை மட்டும் நகத்தால் கிழித்து எடுத்தார். இலக்கியா கேட்டாள், "அப்ப எனக்குக் கீழ ஒண்ணும் எழுத மாட்டீங்களா?"

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துப் படத்தின் ஓரத்தில் எழுதினார்.

"இன்னா எழுதினீங்க? படிங்க" என்றாள் இருசம்மாள்.

"இலக்கியா சுகமாக இருக்கிறாள்."

இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.