வெள்ளை அவருக்கு, மஞ்சள் அவளுக்கு

“உக்காருங்கய்யா, உக்காருங்க” என்று சக்கர நாற்காலியைச் சின்னண்ணன் பக்கம் தள்ளினாள் நர்ஸ். அது முழங்காலின் பின்புறம் இடித்ததில் அவர் பாதி உட்கார்ந்தேவிட்டார்.

“எனக்கில்லீங்க. அவளுக்கு.”

நர்ஸ் அப்போதுதான் காருக்குள் பார்த்தாள். பின்சீட்டிலிருந்து அம்மாவை இறக்க கௌசிக் தடுமாறிக்கொண்டிருந்தான். சௌந்திரத்தின் புடவையெல்லாம் வாந்தி. முகம் வேர்த்து, சாம்பல் பூத்துக் கிடந்தது.

“அம்மாவுக்கா?” என்றாள் நர்ஸ்.

நாமக்கல்லில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரியில் சின்னண்ணனைத் தெரியாதவர்கள் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலி வந்து, அங்கேதான் அவருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதன்பிறகு ஒவ்வொரு முறை காட்ட வரும்போதும் சௌந்திரமும் வருவாள். பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். துணைக்கு வந்தவளாகத்தான் அவளை அந்தக் கட்டடத்துக்குத் தெரியும்.

உள்ளே ஈசிஜி ஓடியது. நீண்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் மதுமதி கேட்டார்.

“வழக்கமா பிபி எவ்வளவு இருக்கும்?”

கௌசிக் அப்பாவைப் பார்த்தான். அவர் அவனைப் பார்த்தார். வீட்டில் பிபி மிஷின் இருந்தது. தினமும் காலையில் அதை எடுத்து அவர் கையில் சுற்றி, பொத்தானை அமுக்கி, எண்ணை வாய்விட்டுப் படிப்பவள் சௌந்திரம்தான். அந்தப் பட்டியை அவள் தன் கையில் சுற்றி ஒருநாளும் அவர் பார்த்ததில்லை.

“தெரியலீங்க” என்றார்.

“எப்ப இருந்து தொந்தரவு?”

“மத்தியானத்துல இருந்துங்க. கோழி ஷெட்டுல இருந்து வந்து படுத்துட்டா. அவ பகல்ல படுக்கறவ இல்லீங்க.”

“நாலஞ்சு நாளாவே தாடை வலிக்குதுன்னாங்க டாக்டர்” என்றான் கௌசிக். “பல்லுன்னு நெனச்சோம். கிராம்பு வெச்சுக்கிட்டாங்க.”

“இடது கை?”

“இல்லீங்க” என்றார் சின்னண்ணன். “முதுகுன்னா. முட்டை அட்டை தூக்குனதுல புடிச்சுக்கிச்சுன்னு தைலம் தேச்சா.”

“பொம்பளைங்களுக்குப் பல நேரம் இப்படித்தாங்க வரும். அடைப்பு பெருசு. உடனே எடுக்கறோம். உயிரப் பத்தி இப்ப எதுவும் சொல்ல முடியாது. கையெழுத்துப் போடுங்க.”

போட்டார். கதவு மூடிக்கொண்டது.

சின்னண்ணன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். நெஞ்சுவலியைப் பற்றி ஊரில் அவரைவிடத் தெரிந்தவர் யாருமில்லை. சேந்தமங்கலம் டீக்கடையில், இடது கை எப்படி இழுக்கும், வேர்வை எப்படிக் கொட்டும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார். அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். அவர் கம்பங்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

அவர்களுடையது முட்டைக்கோழிப் பண்ணை. கீறல் விழுந்த முட்டையை வியாபாரி எடுக்க மாட்டார். அது வீட்டுக்கு வரும். ஸ்டென்ட் வைத்த பிறகு, மஞ்சள் கருவைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் சுத்தமாக நிறுத்திக்கொண்டார். தினமும் வெள்ளைக்கரு மட்டும் வேகவைத்து, உப்பில்லாமல். மிச்சமாகும் மஞ்சள் கருக்களை சௌந்திரம் வாணலியில் எண்ணெய் விட்டு, உப்பும் மிளகும் தூக்கலாகப் போட்டுப் பொரித்துத் தின்றாள்.

“நாய்க்கு ஊத்தேன் புள்ள” என்றார் ஒருநாள்.

“நாய்க்கு ஊத்தறதுக்கா நானு தீவனம் சுமக்கறேன்? கோழி சாபம் உட்டுரும், சும்மா இருங்க.”

பண்ணையில் வேலை செய்யும் குப்பாயி இதைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொன்னாள். “அண்ணன் வெள்ளை, அண்ணி மஞ்சள். ரெண்டு பேரையும் சேத்தாத்தான் ஒரு முட்டை.” எல்லோரும் சிரித்தார்கள். சௌந்திரம்தான் அதிகம் சிரித்தாள்.

முட்டை மட்டுமில்லை. அவர் தொடக்கூடாத ஊறுகாய், வறுத்த கறி, விசேஷ வீட்டுப் பலகாரம் எல்லாம் அவள் தட்டுக்குப் போயின. அவருக்கு உப்பில்லாத குழம்பைத் தனியாக வைத்துவிட்டு, வீணாகக்கூடாதென்று பழைய குழம்பை அவள் காலி செய்வாள். ஆகாததை அவர் வாயிலிருந்து எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அவர் எடை குறைந்தது. டாக்டர் பாராட்டினார். வெளியே பெஞ்சிலிருந்து அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

கதவு திறந்தபோது டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றினார். “அடைப்ப எடுத்துட்டோம். ராத்திரி தாண்டோணும். என்ன சாப்பிடுவாங்க?”

“எனக்குச் செய்யறதத்தாங்க...” என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு மஞ்சள் கருவைச் சொன்னார். எத்தனை என்று கேட்டார் டாக்டர். சொன்னார்.

“என்னாலதானுங்களா?”

“ஒண்ண மட்டும் குத்தம் சொல்ல முடியாதுங்க. முட்டைய அளவாச் சாப்பிடலாம். இது அளவில்ல. அதோட எண்ணெய், உப்பு. சர்க்கரையும் ஏறிக் கிடக்குது, எத்தனை வருஷமோ. நடப்பாங்களா?”

“நான் நடக்கறனுங்க. அவளுக்கு அடுப்படி வேலை.”

“தூக்கம்?”

“நாலு மணிக்கு எந்திரிச்சுருவா.”

“எதுக்கு?”

“எனக்குக் கஞ்சி காய்ச்சோணுமுங்க.”

சொன்ன பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் ஓடிவந்து அவர் நாடியைப் பார்த்தாள்.

“எனக்கு ஒண்ணுமில்ல சாமி” என்றார். “நான் நல்லா இருக்கறேன்.”

மறுநாள் காலை சௌந்திரம் கண் விழித்தாள். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். வந்து சேரத் தாமதமானதால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது, அது திரும்ப வராது, இனி பாரம் தூக்கக்கூடாது என்றார்கள். நர்ஸ் பிபி பார்த்தாள். சின்னண்ணன் எண்ணைக் கேட்டார். சொன்னாள். இன்னொரு முறை கேட்டார். சௌந்திரம் அவரிடம், சாப்பிட்டீங்களா என்றாள். சாப்பிட்டேன் என்றார். சாப்பிட்டிருக்கவில்லை. பத்து மணிக்கு அவளுக்கு இட்லி கொடுத்தார்கள், ஒன்று தின்றாள். மத்தியானம் தூங்கினாள். சாயங்காலம் முட்டை வண்டி வந்து லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டதாக கௌசிக் பண்ணையிலிருந்து போனில் சொன்னான்.