எக்ஸ்ரேயில் பதிந்த தாலி

போன கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓர் ஆண்பிள்ளை கழுத்தில் தாலிக்கொடியோடு இருந்ததை உங்களில் யாராவது பார்த்திருக்கலாம். சட்டைக்கு மேலே, நல்ல பாரமான கொடி. அந்த ஆள் என் மச்சான் தவராசா. பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தவன் நான்.

விஷயம் இருமலில்தான் தொடங்கியது. மச்சானுக்குக் கரடியனாற்றில் வயல். அறுவடை முடிந்து எவ்வளவோ நாளாகியும் இருமல் நிற்கவில்லை. கேட்டால், "நெல்லுச் சூடடிச்ச தூசி மச்சான்" என்பார். தூசி எங்கேயாவது ஒரு மனிதனை இப்படி மெலிய வைக்குமா? கடைசியில் சளியைச் சோதித்தபோது காசநோய் என்றார்கள். மருந்து தொடங்கியாயிற்று. இப்போது மற்றவருக்குத் தொற்றாத கட்டத்துக்கு வந்துவிட்டார்... கன்னத்திலும் கொஞ்சம் சதை.

அடுத்தது, கூட இருக்கிறவர்களைச் சோதிப்பது. மகன் கொழும்பில் படிக்கிறான். வீட்டில் இருப்பது என் தங்கை சுகந்தி மட்டும்தான். அவளுடைய கையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். போட்ட இடம் நன்றாகத் தடித்துவிட்டது.

"கிருமி உள்ள போயிருக்கு அக்கா. அது நித்திரையா, முழிப்பா எண்டதுதான் கேள்வி. ஊசி அதச் சொல்லாது. நெஞ்சுப் படம் எடுத்துப் பாப்பம்" என்றார் டொக்டர். சின்னப் பிள்ளைதான், நிதானமாகப் பேசினார்.

நித்திரை என்றால் அது நோயே இல்லை. யாருக்கும் தொற்றாது. எழும்பாமல் இருக்கச் சில மாதம் குளிசை விழுங்க வேண்டும், அவ்வளவுதான். முழிப்பு என்றால்? முழு வைத்தியம். டொக்டர் சொல்லும்வரை பள்ளிக்கூடப் பக்கம் போகவே கூடாது.

சுகந்தி வாவிக்கரையோரம் ஒரு முன்பள்ளியில் ஆசிரியை. விளையாட்டுப் போட்டி நெருங்குகிறது. ஆனால் அவள் போட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. "டொக்டர், சின்னப் புள்ளைகள மடியில வச்சுத்தான் பாட்டுச் சொல்லிக் குடுக்கிறன்... ஏதும் குடுத்திருப்பனா?" என்றுதான் கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

பேச்சை மாற்ற நான் என் அறிவைக் காட்டினேன். "நித்திரை எண்டா நித்திரைதானே டொக்டர்? அதில வேற என்ன இருக்கு?"

"அப்பிடி இல்ல ஐயா. வெளிநாட்டில ஆக்களப் பெரிய ஸ்கேன் மெஷினில வச்சுப் பாக்கிறாங்க. சிலரிட்ட கிருமி சும்மா படுத்துக் கிடக்கும். சிலரிட்ட நித்திரையிலயும் புரண்டு புரண்டு படுக்கும். எது எழும்பப் போகுது எண்டு முந்தியே கண்டுபிடிக்கலாமா எண்டுதான் ஆராய்ச்சி நடக்கு."

என் மனைவி இதே ஆராய்ச்சியை ஒவ்வொரு ஞாயிறு காலையும் என்னை வைத்து, ஸ்கேன் இல்லாமலே செய்து வருகிறாள்.

எக்ஸ்ரே அறை வாசலில், படம் எடுக்கிற மிஸ் உலோகம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். தோடு, காப்பு, கொண்டை ஊசி, சேலைப் பின் எல்லாம் என் கைக்கு வந்தன. ஒன்று மட்டும் வரவில்லை. சுகந்தி என் காதருகே வந்து, "தாலிய முதுகுப் பக்கம் தள்ளிட்டன் அண்ணா. படத்தில விழாது" என்றாள்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

சற்று நேரத்தில் மிஸ் வெளியே வந்தார். "அக்கா, உங்கட தாலி நல்ல வடிவா விழுந்திருக்கு. நெஞ்சுதான் தெரியல்ல. திரும்ப எடுக்கணும்."

படம் என்றால் நமக்கெல்லாம் ஸ்டூடியோதான் ஞாபகம். முன்பக்கத்தைச் சிரிக்க வைத்தால் போதும், பின்பக்கத்தில் என்ன கிழிசல் இருந்தாலும் யாருக்குத் தெரியும்? எக்ஸ்ரேக்கு அந்த மரியாதை எல்லாம் தெரியாது. முதுகால் நுழைந்து நெஞ்சால் வெளியே வந்துவிடுகிறது. சுகந்தியின் கலியாணப் படத்திலோ கதை வேறு. தாலி கட்டுகிற நேரத்தில் வீடியோக்காரரின் முதுகு குறுக்கே வந்துவிட்டது. மற்றப் படங்களில் மாலை மறைத்துவிட்டது. ஆல்பம் முழுக்கத் தேடினாலும் தாலியைக் காண முடியாது. அந்தக் குறை அவளுக்கு இன்றைக்கும் உண்டு.

"கழட்டுங்க அக்கா" என்றார் மிஸ்.

"ஏலா மிஸ். அவர் இப்பதான் தேறி வாறார். இந்த நேரத்தில நான் இதக் கழட்டி... மறுகா அவருக்கு ஏதும்..."

"அவரக் காப்பாத்துறது டொக்டர் தந்த குளிசை, தாலியில்ல" என்றேன் நான். என்ன அருமையான தர்க்கம், பாருங்கள்.

"அண்ணா, நீங்க பேசாம இருங்க."

இருந்தேன். அண்ணன் என்ற அதிகாரம் எங்கள் வீட்டில் அவ்வளவு தூரம்தான் ஓடும்.

அப்போதுதான் வராந்தா வாங்கில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் எழும்பினார். மாஸ்க் தாடையில் தொங்கிக்கொண்டிருந்தது. "இஞ்ச கொண்டா. என்ட கழுத்தில போடு."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீங்க?"

"நான் கட்டினதுதானே. நீ வரும் வரைக்கும் நான் போட்டிருக்கன். கழுத்துத்தான் மாறுது, குடும்பம் மாறல்லியே."

சுகந்தி யோசித்தாள். பிறகு கொடியின் சுரையைத் திருகிக் கழற்றினாள். தாலியைக் கண்ணில் ஒற்றி அவர் கழுத்தில் போட்டாள். மாஸ்க்கை இழுத்து அவர் மூக்குக்கு ஏற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

எதிரே வாகரையிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர். நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இது என்ன புது முறையா?"

"மனுசி எக்ஸ்ரேக்குப் போயிருக்கா ஐயா. அவ வரும் வரைக்கும் நான்தான் சுமங்கலி."

பெரியவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

சுகந்தி வெளியே வந்ததும், "நீங்கதான் பூட்டணும்" என்று முதுகைக் காட்டி நின்றாள். மச்சானுக்குச் சுரை பிடிபடவில்லை. கலியாணத்தன்று அவருடைய அக்காதான் பின்னால் நின்று பூட்டிவிட்டாள். இன்றைக்குத் தனி ஆள். இரண்டு தரம் நழுவவிட்டு, ஒருவாறு பூட்டினார். "தூவுறதுக்கு அறுகரிசிதான் இல்ல" என்றார் பெரியவர். இப்போது அவரும் சிரித்தார்.

டொக்டர் புதிய படத்தை வெளிச்சத்தில் வைத்து அதிக நேரம் பார்த்தார். நாங்கள் மூவரும் படத்தைப் பார்க்கவில்லை, டொக்டரின் முகத்தைத்தான் பார்த்தோம்.

"நெஞ்சு கிளீன். நித்திரைதான்."

"அப்ப என்ட புள்ளைகளுக்கு?"

"உங்களால அவங்களுக்கு ஒண்டும் வந்திராது அக்கா. திங்கக்கிழமை பள்ளிக்கூடம் போங்க. குளிசைய மட்டும் ஒரு நாளும் விடக்கூடாது."

அதற்குப் பிறகுதான் சுகந்தி அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. மச்சான் மாஸ்க்குக்குள் என்ன செய்தார் என்று தெரியாது.

இப்போது இருவரும் காலையில் எதிரெதிரே இருந்து குளிசை விழுங்குகிறார்கள். ஒருவர் விழுங்கியதை மற்றவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறாராம்.

பழுதான முதல் எக்ஸ்ரேயைச் சுகந்தி மிஸ்ஸிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டாள். எதற்கு என்று கேட்டேன். கலியாண ஆல்பத்தை எடுத்து, வீடியோக்காரரின் முதுகு விழுந்த பக்கத்தில் அதைச் செருகினாள். தாலி தெளிவாகத் தெரிகிற ஒரே படம் அந்த ஆல்பத்தில் இப்போது அதுதான்.