வெடிப்பில் ஊற்றிய தண்ணீர்

என் பாட்டிலில் கால்வாசித் தண்ணீர் மிச்சமிருந்தது. எதிரே இடுப்பளவு உயர மேசையில், ஒரு மரத்தொட்டி நிறையக் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ‘தொடாதீர்கள்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். நான் தொடவில்லை, ஊற்றினேன். எட்டாம் வகுப்பில் திருநெல்வேலி அறிவியல் மையத்துக்குப் போனபோது நான் செய்த ஒரே ஆராய்ச்சி அதுதான்.

கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் பள்ளிக்கூடம். தோட்டக் குழுவில் நாங்கள் பதினோரு பேர், பொறுப்பு கணக்கு சாருக்கு. சார் டவுன்காரர், தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த குடும்பம். கத்தரிக்கும் மிளகாய்க்கும் காய் வந்தால்தான் அவருக்கு வித்தியாசம் தெரியும். ஆனாலும் எங்களை அறிவியல் மையத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர்தான். தலைமையாசிரியையான பெரிய டீச்சருக்கோ எங்கள் தோட்டத்து இடத்தின் மேல் வெகுநாளாகக் கண். பதினொன்றாம் வகுப்புக்கு வந்த சைக்கிள்கள் வெயிலில் நின்றுகொண்டிருந்தன. “போயிட்டு வாங்க சார். ஆனா அங்கேருந்து ஒரு புகார் வந்துச்சுன்னா, திங்கக்கிழமையே தோட்டத்தச் சமப்படுத்தி சைக்கிள் ஸ்டாண்டு போட்டுருவேன்” என்று சொல்லித்தான் கையெழுத்துப் போட்டார். சார் வேனில் கயத்தாறு தாண்டும்வரை, எதையும் தொடக்கூடாது என்று எங்கள் காதைத் துளைத்துக்கொண்டே வந்தார்.

அப்படியும் ஊற்றினேன் என்றால், அது குறும்பு இல்லை. குடித்து மிஞ்சிய தண்ணீரை நாங்கள் வெறுந்தரையில் கொட்டியதே கிடையாது. மண் வெடித்திருப்பதைக் கண்டால் கை தானாகச் சாய்ந்துவிடும். பக்கத்தில் நின்றவள் வேறு, “ஏட்டி, அந்த ஓரத்துக்குப் போகல பாரு” என்று தன் பாட்டிலையும் கவிழ்த்தாள். அப்புறம் வரிசையாகப் பதினோரு பாட்டிலும் காலி. மண் குடித்த வேகத்தைப் பார்த்து எங்களுக்கு ஒரே திருப்தி. அடுத்த அறையில் ஆளைக் குட்டையாகக் காட்டும் கண்ணாடியில் சாரைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பினோம். தொட்டி மண் உப்பி, வெடிப்பெல்லாம் மூடி, தோசைமாவு மாதிரி மொழுமொழுவென்று இருந்தது. மேலே ‘கரிசல் மண்ணின் வெடிப்புகள்’ என்ற பலகை மட்டும் தொங்கியது.

மையத்து அதிகாரி வந்து நின்றார். “இது காய்ஞ்சு மறுபடி வெடிக்கப் பத்து நாளாகும் சார். நாளைக்கு வேற பள்ளிக்கூடம் வருது. உங்க பள்ளிக்கூடத்துக்குத் தெரிவிக்காம இருக்க முடியாது” என்றார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. நான்தான் என்று சொல்லாமல் காலி பாட்டிலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். சார் எங்களைத் திரும்பியே பார்க்கவில்லை. “நானே எழுதி, எங்க டீச்சர்ட்ட கொண்டுபோய்க் குடுக்கேன்” என்று சொல்லி, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். அதிகாரி படித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். திரும்பும் வழியெல்லாம் என் கண்ணுக்குள் கத்தரிச் செடிகளின் மேல் சைக்கிள் சைக்கிளாக நின்றது.

திங்கட்கிழமை பெரிய டீச்சர் கடிதத்தோடு தோட்டத்துக்கே வந்துவிட்டார். எங்கள் முன்னால் சத்தமாக வாசித்தார். “தவறு முழுவதும் என்னுடையது. தண்ணீரை வீணாக்காமல் மண்ணுக்கு ஊற்றுங்கள் என்று மாணவர்களைப் பழக்கியவன் நான். எங்கே ஊற்றக்கூடாது என்று பழக்கத் தவறிவிட்டேன்.” எனக்குத் தாங்கவில்லை. “டீச்சர், மொதல்ல ஊத்துனது நான்” என்றேன். அவர் என்னைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், வெண்டைப் பாத்தியை வெகுநேரம் பார்த்தார். “சைக்கிளுக்கு மதிலோரம் எடம் பாக்கச் சொல்லுதேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது.

இப்போது நான் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். போன மாதம் கணக்கு சார் வந்திருந்தார். ஓய்வு பெற்றுவிட்டார், வீட்டுக் கொல்லையில் காய்கறி போடுகிறாராம். காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த மண்ணை என் மேசையில் பிரித்து வைத்தார். இத்தனை வருஷமாக மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

“சார், அந்தக் கடுதாசியில பொய்தானே எழுதுனீங்க? நீங்க எங்க எங்களப் பழக்குனீங்க? தோட்டத்துக்கு வந்த மொத நாளு, டிபன் பாக்ஸ் கழுவுன தண்ணிய நீங்க வாசல்ல வீசப் போக, நாங்கல்லா கத்தி உங்களக் கத்தரிக்கு ஊத்த வச்சோம்!”

சார் சிரித்தார். “எல்லாம் ஞாவகம் இருக்கு. பிள்ளைகதான் எனக்குப் பழக்குச்சுன்னு உள்ளத எழுதியிருந்தா, தண்டனை உங்களுக்குல்லா வந்திருக்கும்?”

எனக்குக் கண் நிறைந்து, தடுப்பதற்குள் இரண்டு சொட்டு விழுந்துவிட்டது. சார் பதறிக் காகிதத்தை இழுத்துக்கொண்டார்.

“ஏட்டி, மண்ணுல விழுது. ரிசல்ட்டு மாறிரப் போவுது!”