பைப் பசை போட்ட தண்டவாளம்

திண்டிவனத்தில் எங்கே குழாய் ஒழுகினாலும் என் கடைக்குத்தான் வருவார்கள். கொஞ்சம் பெருமைதான், ஆனால் பொய் இல்லை. இருபத்தைந்து வருடமாக பைப்பும் பசையும் விற்கிறேன். மூடியைத் திறக்காமல், டப்பாவை ஆட்டிப் பார்த்தே உள்ளே பசை கட்டிப்போயிருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட என்னிடம்தான் ஒரு பொம்மை ரயில் தண்டவாளம் வந்து மாட்டியது.

தண்டவாளம் என் மருமகனுடையது. விழுப்புரத்தில் வேதியியல் வாத்தியார். அதே பள்ளியில் ஆங்கிலம் எடுக்கும் என் மகளை இரண்டு வருடத்துக்கு முன்பு ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் பண்ணிக்கொண்டார். நான் போகவில்லை. காரணத்தை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் மட்டும் பஸ் பிடித்து வருவாள், சாப்பிடுவாள், போய்விடுவாள். அவர் வந்ததில்லை, நானும் கூப்பிட்டதில்லை.

போன மழையில் அவர்கள் வாடகை வீட்டுக் கூரை ஒழுக ஆரம்பித்தது. மகள் ஒரு குட்டியானை வண்டியில் கட்டில் அளவுப் பலகையோடு வந்து இறங்கினாள். பலகை மேல் விழுப்புரம் ஜங்ஷன்: பிளாட்பாரம், சிக்னல், டீ ஸ்டால், விரல் அகலத்துக்கு பிளாஸ்டிக் கட்டைகள் வைத்த தண்டவாளம். ஒரு வழி திண்டிவனத்துக்கு, இன்னொன்று பாண்டிச்சேரிக்கு. அசல் ஜங்ஷனில் வழிகள் இப்படிப் பிரிவதில்லை. பலகைக்குத் தோதாக அவரே வளைத்துக்கொண்டிருக்கிறார்.

"ரெண்டு வருஷமா இதத்தான் பண்ணிக்கினு இருக்காரு. உங்க கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்னு அவரேதான் சொன்னாரு," என்றாள் மகள்.

கல்யாணத்துக்கே வராத மாமனாரை நம்பி ஒரு மனுஷன் இதைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். எடுத்துப் போகவாவது ஒரு நாள் இந்த வாசலுக்கு வருவார், அன்றைக்கு 'வாங்க' என்று சொல்லிவிடலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. இதற்கு ஏதாவது ஆனால் அந்த 'வாங்க' சொல்லவும் முகம் இருக்காது.

பலகையை மாடியில் வைத்துப் பத்து நாள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். பதினோராம் நாள், சனிக்கிழமை மதியம், அங்கிருந்த பரணிலிருந்து சரக்குப் பெட்டியை இறக்கும்போது பித்தளை வால்வு ஒன்று நழுவி, சரியாக இரண்டு வழியும் பிரியும் இடத்தில் விழுந்தது. அந்தத் துண்டு விரிசல் விட்டு உடைந்தது. நாலைந்து கட்டைகளும் கழன்று தெறித்தன.

பதறியிருக்க வேண்டும். பதறவில்லை. ஒட்டுவது நம் தொழில்தானே என்ற திமிர். பைப்பும் பிளாஸ்டிக், இதுவும் பிளாஸ்டிக். கடையிலிருந்து பைப் பசையைக் கொண்டுவந்து தாராளமாகவே தடவினேன். பைப் பசை ஒட்டுவதே பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான். தடிப் பைப்புக்குத் தாங்கும், தீக்குச்சி கனத்துக் கட்டைக்குத் தாங்குமா? கண்ணெதிரே கட்டைகள் ஜவ்வு மிட்டாய் மாதிரி இளகிக் கோணிக்கொண்டன.

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். ஒரு நொடியில் ஒட்டும் பசையை எடுத்து விரிசலில் நாலு சொட்டு விட்டேன். தண்ணீர் மாதிரி இருக்கும் பசை அது. விட்ட இடத்தில் நிற்காமல், வண்டியை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்பிவிடும் நாக்குக்கு அடியில் ஓடி, அதை அசையாமல் பிடித்துவிட்டது. என் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டன. கையில் வழிந்ததைப் பழக்கதோஷத்தில் லுங்கியில் துடைத்தேன். தொடை சுரீர் என்றது. குனிந்து பார்த்தால் லுங்கியிலிருந்து புகை வருகிறது. பருத்தித் துணியில் அந்தப் பசை பட்டால் கொதிக்கும் என்று அந்தக் குப்பியிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. விற்றவன் படித்ததில்லை.

சத்தம் கேட்டு வந்த மனைவி தொடையில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிவிட்டு, பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் என்னென்ன பசை இருக்கு கடையில? எல்லாத்தையும் ஊத்திடுங்க."

மகளுக்கு அன்று ஸ்பெஷல் கிளாஸ், போன் ஆஃப். மனைவி தன் போனை எடுத்து மருமகன் நம்பரைப் போட்டாள். அந்த நம்பர் அவளிடம் எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. ஒரு கை ஒட்டிக் கிடக்க, மறு கையால் ஈர லுங்கியைத் தொடையில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தேன். அவளே போனை என் காதில் வைத்து அழுத்தினாள். வேண்டாமென்று வைத்துவிடவும் வழியில்லை.

"சொல்லுங்க அத்த," என்றது குரல்.

"நான்தான்."

"சொல்லுங்க சார்."

அவள் அத்தை, நான் சார். சுருக்கென்று இருந்தது. நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன்.

"கையப் பிச்சி இழுக்காதீங்க. தோலு வந்துடும். வெதுவெதுன்னு சோப்புத் தண்ணில ஊற வைங்க, தானா வுட்டுடும். காலுக்குப் பச்சத் தண்ணிதான், வேற எதுவும் போடாதீங்க. ஜன்னல் தொறந்துதான இருக்கு? நான் அடுத்த வண்டியப் புடிச்சி வர்றேன்." தண்டவாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாயங்காலம் ஒரு பையோடு வந்தார். வாசலில் சொல்ல வைத்திருந்த 'வாங்க'வைச் சொல்லாமல் நான் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தேன், மனைவிதான் சொன்னாள். அவர் முதலில் என் காலைப் பார்த்தார், அப்புறம்தான் பலகையை. தண்டவாளத்தைத் தூக்கி அடியில் இருந்த பொடி எழுத்துகளை எனக்குக் காட்டினார். என்ன பிளாஸ்டிக் என்று அதில் போட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் பசையை எடுக்க வேண்டுமாம்.

பையிலிருந்து அந்த பிளாஸ்டிக்குக்கான பசைக் குப்பியை எடுத்து அவர் திறக்கும்போது, மனைவி விளக்கேற்றத் தீப்பெட்டியை எடுத்தாள். "அத்த, கொஞ்சம் பொறுங்க. இந்தப் பசையோட ஆவி நெருப்பப் புடிச்சிக்கும். முடிச்சிட்டு, வாசன போனப்புறம் ஏத்துங்க," என்றார். பெருமழையிலும் விளக்கு நேரத்தைத் தவறவிடாதவள், மறுபேச்சில்லாமல் தீப்பெட்டியை வைத்துவிட்டாள்.

உதவாத துண்டு ஒன்றில் முதலில் தொட்டுப் பார்த்தார். பிறகு மெல்லிய பிரஷ் முனையால், அடிப்பக்கமாக, விரிசலுக்கு ஒரே ஒரு தொடுதல். கோணிய கட்டைகளை வெட்டிவிட்டுப் புதுசு வைத்தார். பலகையோடு ஒட்ட மட்டும் தச்சர்களின் வெள்ளைப் பசை. தண்ணீர் விட்டுக் கரைத்து, பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு சேர்த்தார்.

"இதுன்னா நாளைக்கு நனைச்சிப் பேத்து எடுத்துக்கலாம் சார். எல்லாத்தையும் ஒரேடியா ஒட்டிடக் கூடாது."

காலைவரை தொடக்கூடாது என்பதால் அவர் தங்க வேண்டியதாயிற்று. ஞாயிறு காலை பஸ்ஸில் வந்த மகள், அவர் தங்கியது போனில் தெரிந்திருந்தும், என் ஈசிச்சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

வண்டியை விட்டுப் பார்த்தோம். விழுப்புரத்தில் கிளம்பி, ஒட்டிய இடத்தைத் தடங்கலின்றித் தாண்டி, திண்டிவனம் வந்து நின்றது. மறுபடி விட்டார். மறுபடியும் திண்டிவனம். நாக்கு மட்டும் அசையவே இல்லை.

"பாண்டிச்சேரிக்குப் போவாதா?" என்றேன்.

"போவாது. பசையக் கரைக்கப் பாத்தா பிளாஸ்டிக்கும் சேந்து கரைஞ்சிடும்."

"புதுசு வாங்கிக் குடுத்துடறேன்."

"வேணாம், இருக்கட்டும்." அவர் வண்டியை விழுப்புரத்துக்குத் திரும்ப எடுத்து வைத்தார். "திண்டிவனம் பக்கம்தான திரும்பி நிக்குது."

அடுக்களையிலிருந்து இலை போட்டாச்சு என்று மனைவி குரல் கொடுத்தாள். "சாப்புட வாங்க மாப்ள," என்றேன். சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வர்றேன் மாமா," என்றார்.